கம்பெனி செட்டில் அம்சத்தின் குரல்

ராஜாங்கம் தன் காரில் யாரையும் செருப்புக் காலோடு ஏறவிட மாட்டார். வாடகைக்கு வருகிறவர்களிடமே, "காலைக் கொஞ்சம் தட்டிட்டு ஏறுங்க" என்று சொல்லிவிடுவார். கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் அது. டாக்டர் சீட்டின் மேல் பிரிக்காமல் விட்டிருந்த கண்ணாடிப் பேப்பரை இவரும் ஆறு வருஷமாகப் பிரிக்கவில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் போய், "மாமா, உங்க கார் செட்டைக் கழட்டணும்" என்று வேம்பு கேட்டாள் என்றால், அவளுக்கு எவ்வளவு நெருக்கடி இருந்திருக்க வேண்டும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

"எந்த செட்டை?"

"பாட்டுக் கேக்குற செட்டத்தான். உள்ள ஒரு ஒயரை வச்சு சால்டர் பண்ணணும். ஒரு மணி நேர வேலை."

"அது கம்பெனி செட்டும்மா! காரு பொறக்கும்போதே கூடப் பொறந்தது. அதுல கை வச்சா காருக்கே ஆகாது." ராஜாங்கம் டேஷ்போர்டின் முன்னால் கையை விரித்து மறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வேம்பு நன்னிலம் கடைத்தெருவில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தாள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். தண்ணீரில் விழுந்த போன், டிராக்டர் ஏறிய போன், பேரன் கடித்த போன் எல்லாம் அவள் கைக்கு வந்தால் பேசும். ஆனால் அன்றைக்கு அவளுக்கு வேண்டியிருந்தது பேசுகிற போன் அல்ல. மூணு மா வயல் முழுக்கக் கேட்கிற மாதிரி பாடுகிற போன்.

விஷயம் இதுதான். வேம்புவின் அம்மா ராமாயிக்கு வாய்க்கால் ரோட்டுக்குக் கீழே மூணு மா நிலம், அதாவது சுமார் ஒரு ஏக்கர், குத்தகையில் இருந்தது. சத்திரத்து நிலம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஊரே கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் வந்த காலத்தில் ராமாயியின் மாமனார் கைக்கு வாய்ப்பேச்சாக வந்தது. அப்புறம் குத்தகைதாரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆட்சி மாறி மாறி வந்தது. இப்போது வீட்டுக்கு வீடு அரசாங்கக் கலர் டிவிகூட வந்துவிட்டது. அடங்கல் என்கிற கிராமக் கணக்கில் மட்டும் ஒவ்வொரு பசலி ஆண்டுக்கும் 'சத்திரம், சொந்த சாகுபடி' என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். சேற்றில் நிற்பது ராமாயி, ஏட்டில் நிற்பது சத்திரம். என்ன நியாயமோ போங்கள்!

இந்த வருஷம் சத்திரத்துக் காரியஸ்தர் வைத்தியலிங்கம் இன்னும் ஒரு படி மேலே போய் மனுப் போட்டுவிட்டார். இரண்டு வருஷமாக நிலம் தரிசு, அந்த அம்மாவால் சாகுபடி செய்ய முடியவில்லை, நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று. ஒரு வருஷம் வெள்ளம் கொண்டுபோனது, அடுத்த வருஷம் கடைமடைக்குத் தண்ணீரே எட்டிப் பார்க்கவில்லை. அதையெல்லாம் மனுவில் எழுதுவாரா அவர்? ஆர்.ஐ. என்று ஊரார் சொல்லும் வருவாய் ஆய்வாளர் தர்மாம்பாள் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு முடிவாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நானே வர்றேன். மூணு மாவும் நட்டிருந்தா சாகுபடிதாரர் பேரை எழுதுவேன். பாக்கி கிடந்தா தரிசுன்னு எழுதுவேன். கண்ணால பாக்குறதுதான் எனக்குக் கணக்கு."

தண்ணீரோ வாய்க்காலில் புதன்கிழமைதான் வந்தது. வியாழக்கிழமை காலையில் சேறடித்தாயிற்று. நாற்றும் தயார். மூத்தவள் காளியம்மாளோடு சேர்த்துப் பதினாறு நடவாட்கள் வெள்ளிக்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டார்கள். விடிந்ததும் இறங்கினால் பகலுக்குள் மூணு மாவை முடித்துவிடக்கூடிய நடவுச் செட்டுதான் அது. ஆனால் செட்டுத் தலைவி அம்சம் ஊரில் இல்லை. மகளின் தலைப்பிரசவத்துக்கு வேதாரண்யம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

ஒரு ஆள் குறைந்தால் என்ன என்றுதான் வேம்புவும் முதலில் நினைத்தாள். புதன்கிழமை, போர்வெல் வைத்திருந்த ஒருவர் வயலில் அந்தப் பதினாறு பேரும் நட்டதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. அம்சம் பாடினால் அவர்கள் கை அந்தப் பாட்டோடு போகும். பாட்டில் ஒரு அடிக்கு நாலு முதல், அதாவது நாலு நாற்றுக் குத்து, அடுத்த அடிக்கு நாலு முதல். அம்சம் இல்லாவிட்டால் கை நிற்கும், வாய் ஓடும். மருமகளைப் பற்றி, ரேஷன் கடையைப் பற்றி, டிவித் தொடரில் வருகிற கொடுமைக்காரியைப் பற்றி. அன்றைக்குக் கரையேறும்போது விளக்கு வைத்தாகிவிட்டது.

"நீங்க யாராவது பாடுனா என்ன அத்தே?" என்று காளியம்மாளைக் கேட்டாள் வேம்பு.

"நான் பாடுனா நாத்து முளைக்காதுடி. நட்டதும் எந்திரிச்சு ஓடிப்போயிரும்" என்றாள் காளியம்மாள்.

வேம்பு அம்சத்துக்குப் போன் போட்டாள். அங்கிருந்து போனிலேயே பாட முடியுமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். மகளுக்கு வலி எடுத்திருக்கிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது?

"பாடுறேண்டி" என்றாள் அம்சம் உடனே. "என்னைய உள்ள விட மாட்டேங்குறாங்க. வாசல்ல மரத்தடியில உக்காந்து நகத்தைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன். சும்மா இருந்தா கண்டதையும் நெனைச்சுப் பயமா வருது. பாடுனா எனக்கும் நல்லதுதான். ஆனா அங்கே கேக்குமா?"

அதுதான் கேள்வி. போனின் ஸ்பீக்கர் காற்றில் பத்தடிகூடப் போகாது. ஆவணி முகூர்த்தம் என்று சுற்றுப்பட்டு மைக் செட்டெல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போயாயிற்று. நாலு கதவிலும் நாலு ஸ்பீக்கர் வைத்து, வாய்க்கால் ரோட்டில் வயலுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தக்கூடிய வஸ்து ஊரில் ஒன்றுதான் இருந்தது. அதன் முன்னால்தான் ராஜாங்கம் கையை விரித்து உட்கார்ந்திருந்தார்.

ராமாயி வந்தாள். தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். "ராஜாங்கம், நெலம் போனா நான் உன் காருக்குள்ளதான் வந்து குடியிருக்கணும். அடுப்பை எந்த சீட்டுல வைக்கட்டும்?"

ராஜாங்கம் எழுந்து வழிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வேம்பு முன் பட்டையை நோகாமல் நெம்பி எடுத்து, நாலு திருகைக் கழற்றி, செட்டை வெளியே இழுத்தாள். "பாத்து, பாத்து" என்று ராஜாங்கம் திருகுகளை ஒவ்வொன்றாக ஒரு கிண்ணத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்துச் செட். ரேடியோவும் கேசட்டும்தான் உண்டு. போனிலிருந்து பாட்டை வாங்கிக்கொள்ள அதற்கு வாயே கிடையாது. வேம்பு மேல் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். நாடாவைத் தடவிச் சத்தத்தை எடுக்கிற சின்னத் தலை. அதற்கு ஒரு படி தள்ளி, சத்தம் ஆம்பிளிபயருக்குள் நுழைகிற இடத்தில் இடது, வலது, எர்த் என்று மூன்று புள்ளிகள். தலைக்குப் பக்கத்திலேயே ஒயரை வைத்தால் சத்தம் கரகரவென்று கிழியும். இந்த மூன்று புள்ளியில்தான் வைக்க வேண்டும். கேசட்டிலிருந்து வரும் வழியை அங்கே துண்டித்துவிட்டு போனின் வழியைப் பற்ற வைத்தால் செட் ஏமாந்துபோகும். கேசட் பாடுவதாக நினைத்துக்கொண்டு போனைப் பாடும்.

ஒயருக்கு வீட்டு டிவிடி பிளேயரில் செருகியிருந்ததை உருவினாள். ஒரு முனையை வெட்டி, போனில் செருகுகிற பின்னை அதில் வைத்தாள். மறுமுனையை அந்த மூன்று புள்ளியில் பற்ற வைத்தாள். வெளியே ஒரு ஓட்டைகூடப் போடக் கூடாது என்பது ராஜாங்கத்தின் கடைசி நிபந்தனை. ஆகவே சிகரெட் சாம்பல் தட்டும் பெட்டியின் பின்பக்கமாக ஒயரைச் சுற்றி எடுத்து வெளியே விட்டாள்.

"இதுல ஒரு தொல்லை இருக்கு மாமா. கேசட் ஓடிக்கிட்டு இருந்தாத்தான் இது தெறக்கும். சத்தம் வராது, சும்மா சுத்தும். அரைமணிக்கு ஒரு தரம் முடிஞ்சு நிக்கும்போது திருப்பிப் போடணும்."

"அதை நான் பாத்துக்குறேன். வேற யாரும் தொடக் கூடாது."

முதல் தடவை போட்டபோது செட்டு 'ஊஊ' என்று ஊளையிட்டது. ராஜாங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். எர்த் சரியாகப் பிடிக்கவில்லை, வேறொன்றுமில்லை. வேம்பு மறுபடி சால்டர் வைத்து, கேசட்டைத் தள்ளி, அம்சத்துக்குப் போன் போட்டாள். நாலு கதவிலிருந்தும் ஒரே சமயத்தில், "அலோ! யாரு? வேம்பா? சாப்புட்டியாடி?" என்று அம்சம் கேட்டாள். தெருவே கைதட்டியது. ராஜாங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ரேடியோக்காரர்கள் பேசித்தான் கேட்டிருக்கிறார் அந்தக் காரில். சொந்த ஊர்க்காரி பேசி இப்போதுதான் கேட்கிறார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கார் வாய்க்கால் ரோட்டில் நாலு கதவையும் விரித்துக்கொண்டு நின்றது. பேட்டரி இறங்காமல் இருக்க இன்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. காளியம்மாள் முதல் நாற்று முடியின் கட்டைப் பிரித்துக் கும்பிட்டாள். வேதாரண்யத்தில் அம்சம் தொண்டையைக் கனைத்தது இங்கே வயலெல்லாம் கேட்டது.

"குனிஞ்ச இடுப்பு நிமிரலாமா
கொண்டைப் பூவும் உதிரலாமா
தண்ணி வந்த சேத்துலதான்
தங்கம் நட்டுப் போகலாமா..."

பதினாறு கையும் ஒன்றாக இறங்கின. அடடா, அந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! பாட்டு எட்டு எடுத்து வைத்தால் வரிசை எட்டு எடுத்து வைத்தது. நடுவில் அம்சம் பாட்டை நிறுத்தி, "யாருடி அது, பேச்சுச் சத்தம் கேக்குது? காளியம்மாதானே?" என்று அதட்டுவாள். போன்தான் இங்கே பேசுவதையும் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறதே! "கண்ணு இல்லாமலே பாக்குறாடி" என்று காளியம்மாள் நாக்கைக் கடித்துக்கொள்வாள். அரைமணிக்கு ஒரு தரம் செட்டு 'டக்' என்று நிற்கும். எல்லோரும் குனிந்தபடியே, "அண்ணே!" என்று கத்துவார்கள். ராஜாங்கம் கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஏதோ தானே பாடிக்கொண்டிருப்பவர் மாதிரி மீசையைத் தடவிக்கொள்வார்.

பத்து மணிக்கு முக்கால்வாசி வயல் பச்சையாகிவிட்டது. பதினொன்றரைக்கு ஈசான மூலையில் பத்துக் குழி, அதாவது மூணு சென்ட் போலத்தான் பாக்கி. வேம்புவுக்கு நெஞ்சு லேசாகியது. அந்த மூலைக்குப் போடக் கடைசி நாற்று முடிகளை எடுக்க நாற்றங்காலுக்கு ஓடினாள்.

அப்போதுதான் பாட்டு பாதியில் நின்றது. செட்டில் யாரோ அவசரமாக ஏதோ சொல்கிற சத்தம். அடுத்த நொடி நாலு கதவிலிருந்தும் குலவை பொங்கியது. நீளமான, மூச்சு முட்டுகிற, நாக்கு சுழல்கிற அம்சத்தின் குலவை. அது முடியவும் கேசட் 'டக்' என்று நின்றது.

அந்த நடவுச் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. தலைவி குலவை போட்டால் வயல் முடிந்தது என்று அர்த்தம். எல்லோரும் பதில் குலவை போட்டுக் கரையேற வேண்டும். ஏறிக் கால் கழுவிவிட்டால் அன்றைக்கு அந்த வயலில் மறுபடி இறங்கக் கூடாது. இறங்கினால் விளைச்சல் கோபித்துக்கொள்ளும் என்பது அம்சமே வகுத்த சட்டம். ஆறு மணி நேரமாகப் பாட்டோடு கட்டுண்டு கிடந்த பெண்களுக்கு யோசிக்க ஏது நேரம்? காது கேட்டது, கால் ஏறியது. பதினாறு பேரும் குலவை போட்டுக்கொண்டே கரைக்கு வந்து வாய்க்காலில் காலை விட்டுக் கழுவினார்கள். ராஜாங்கமும் வேலை முடிந்தது என்று கேசட்டை அப்படியே விட்டுவிட்டு, எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுப்பதற்காகப் பெட்டிக்கடையைப் பார்த்து நடந்தார்.

வேம்பு நாற்று முடிகளோடு திரும்பி வந்தாள். ஈசான மூலை மொட்டையாகக் கிடந்தது. நடவாட்கள் கரையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டு வளைவில் ஜீப் வந்துகொண்டிருந்தது.

"அய்யய்யோ, ஏன் ஏறிட்டீங்க? மூலை பாக்கி இருக்கு!"

"அம்சம் குலவை போட்டுட்டாளேடி!" என்றாள் காளியம்மாள். பிறகு மூலையைப் பார்த்தாள். வாயிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றது. "நீதான் முடிஞ்சிருச்சுன்னு அவகிட்ட சொல்லிட்டியாக்கும்னு நெனைச்சோம்."

"நான் எங்க சொன்னேன்! எறங்குங்க அத்தே, சீக்கிரம்!"

காளியம்மாள் கழுவின காலைப் பார்த்தாள், வயலைப் பார்த்தாள். யாரும் அசையவில்லை. பயந்துபோயிருந்தார்கள், பாவம். சட்டம் போட்டவளே வந்து எடுத்தால்தான் உண்டு.

ராமாயி புடவையைத் தூக்கிச் செருகினாள். மகள் கையிலிருந்து ஒரு முடியை வாங்கிக்கொண்டு தனியாக இறங்கி மூலையில் குனிந்தாள். 

ஜீப்பிலிருந்து தர்மாம்பாளும் அவர் பின்னாலேயே வைத்தியலிங்கமும் இறங்கினார்கள். வைத்தியலிங்கம் கரையையும் மூலையையும் ஒரே பார்வையில் அளந்துவிட்டார். "பாருங்க மேடம். ஆளுங்க கரையேறிட்டாங்க. மூலை அப்படியே கெடக்கு. நான் மனுவுல எழுதினதுதானே இது?"

தர்மாம்பாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டுக்கு இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு" என்றார்.

வேம்பு காருக்கு ஓடினாள். போனில் லைன் அறுபடவில்லை. மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்று கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டுத் தள்ளினாள்.

"...ரெண்டே முக்கால் கிலோடி! தலை நெறைய முடி! மூக்கு மட்டும் அவ அப்பன் மூக்கு, என்ன பண்றது. அலோ? ஏண்டி, நான் பாட்டுக்குக் கத்திக்கிட்டே இருக்கேன், ஒருத்தியும் பேச மாட்டேங்குறீங்க? எனக்குப் பேத்தி பொறந்திருக்காடி!"

கரையில் பதினாறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்சக்கா!" என்று வேம்பு போனில் கத்தினாள். "நீங்க குலவை போட்டீங்கன்னு எல்லாரும் கரையேறிட்டாங்க! மூலை பத்துக் குழி பாக்கி! ஆர்.ஐ. அம்மா வந்து நிக்கிறாங்க!"

செட்டில் அம்சம் மூச்சை இழுப்பது கேட்டது. அப்புறம் வாய்க்கால் ரோடே அதிர்ந்தது.

"அடிப்பாவிகளா! அது எம் பேத்திக்குப் போட்ட குலவைடி! வயலுக்கு யாரு போட்டா? எறங்குங்கடி!"

"காலைக் கழுவிட்டோமேக்கா!" என்று காளியம்மாள் அழாத குறையாகச் சொன்னாள்.

"கழுவுனா என்ன, திரும்பக் கழுவிக்க! வாய்க்கால்ல தண்ணியா இல்ல? எம் பேத்தி பொறந்த நாள்ல ராமாயி வயல்ல மூலை காலியாக் கெடக்கணுமா? கெடந்தா நான் ஊருக்கு வந்து ஒருத்தி வீட்டுலயும் தண்ணி குடிக்க மாட்டேன். எறங்கு காளியம்மா, எறங்கு!"

அதற்குள் அவள் பாட்டை எடுத்துவிட்டாள். இந்தத் தடவை இரண்டு மடங்கு வேகம். சிரிப்பும் அழுகையும் கலந்த குரல், நடுநடுவே ஒரு பச்சைக் குழந்தையின் வீறல். பதினாறு பேரும் தொப்தொப்பென்று குதித்தார்கள். சேறு தெறித்து வைத்தியலிங்கத்தின் வெள்ளை வேட்டி புள்ளி போட்ட சேலை மாதிரி ஆயிற்று. வேம்புவும் அதே வேகத்தில் இறங்கினாள். அவள் நட்ட வரிசை பாம்பு மாதிரி போனது. பின்னாலேயே வந்த காளியம்மாள், "போனை ரிப்பேர் பண்ணு தாயே, இதை விடு" என்று திட்டிக்கொண்டே சரிசெய்தாள். பெட்டிக்கடையிலிருந்து கலர் பாட்டில்களோடு வந்த ராஜாங்கம் எதுவும் புரியாமல் ஆர்.ஐ. அம்மாவுக்கும் ஒன்றை உடைத்துக் கொடுத்தார். அவர் அதைக் குடித்தபடி கரையில் நின்று, கால் தாளம் போடுவதைத் தானே கவனிக்காமல், பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாற்றை ராமாயி ஊன்றினாள். நிமிர்ந்து காரைப் பார்த்து, "அம்சம், முடிஞ்சிச்சுடி!" என்று கூவினாள். அப்புறம் வந்தது வயலுக்கான குலவை. வேதாரண்யத்தில் யார் யாரோ கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

"மணி என்ன மேடம்?" என்று வைத்தியலிங்கம் ஆவலாகக் கேட்டார்.

"பன்னிரண்டுக்கு ரெண்டு நிமிஷம்." தர்மாம்பாள் ஜீப்பின் மூக்கின் மேல் அடங்கலை விரித்தார். "மூணு மாவும் நடவு ஆயிருக்கு. யாரு நட்டாங்கன்னு கண்ணால பாத்தேன், காதாலயும் கேட்டேன்."

வைத்தியலிங்கம் விடவில்லை. "அந்தக் கட்டத்துல சத்திரத்துப் பேரு இருக்கு மேடம். இன்னொரு பேரை எழுத இடமில்லையே. நாப்பது வருஷமா அப்படித்தானே விட்டிருக்கு..."

தர்மாம்பாள் பேனாவைத் திறந்தார். 'சொந்த சாகுபடி' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே சாகுபடிதாரர் பேரை எழுதினார், கையெழுத்துப் போட்டார். வேம்பு ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். 

ராமாயி முழங்கால் சேற்றோடு வந்தாள். ஏட்டில் சேறு பட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். "எங்க?" என்றாள். வேம்பு தன் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் காட்டினாள். ராமாயி வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா. மூணே எழுத்து."

ராமாயி நிமிர்ந்து காரியஸ்தரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"இத்தனூண்டு பேருதான். இதுக்காய்யா நாப்பது வருசமா இடமில்லாமப் போச்சு?"

தர்மாம்பாள் சிரிப்பை அடக்க முடியாமல் அடங்கலை மூடினார்.